முடியாத வினைமுற்று

1

பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற வாரம் என் மேசைக்கு வந்தார். என் குரலை ஒலிநாடாவில் பதிவுசெய்ய வேண்டும், ஒரே ஒரு சொல்தான், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். எந்தச் சொல் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் எண்ணெய்த் தொட்டிகளும் குழாய்ப் பாதைகளும் கட்டித் தருவது. தலைமை அலுவலகம் பாரிஸுக்கு வெளியே இருக்கிறது. வேலை நடப்பதெல்லாம் வேறு நாடுகளில். வெளிநாட்டுத் தளங்களுக்கு மேலாளராகப் போகிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். பல நாட்டுத் தொழிலாளர்களை எப்படி நடத்த வேண்டும், யாருடைய நோன்பு எப்போது, யார் முன்னிலையில் யாரைக் கண்டிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் ஒரு பாடத்துக்குக் 'காரைக்கால் சம்பவம்' என்று பெயர். அந்தப் பாடம் வரும்போது பணியாளர் பிரிவிலிருந்து என்னை அழைப்பார்கள். நான் மாடியேறிப் போய், காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நின்று சொல்வேன்:

"வந்துட்டேன்."

அவர்கள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். பிரெஞ்சு நாக்குக்கு நம் 'ட்ட' எளிதில் வராது. சிலர் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. தெரியாத மொழியைச் சொல்லிப் பார்க்கும்போது யாருக்கும் வருகிற சிரிப்புதான். நன்றி சொல்வார்கள். நான் இறங்கி வந்து விடுப்பு விண்ணப்பங்களைத் தொடர்வேன்.

ஒலிநாடா வேண்டாம் என்று இளைஞரிடம் சொன்னேன்.

"உங்களுக்கு மாடியேறும் சிரமம் வேண்டாமே என்றுதான் கேட்டேன். ஒரு சொல்தானே?" என்றார்.

"நானே வந்து சொல்கிறேன்" என்றேன். அது ஒருவர் கடைசியாகச் சொன்ன சொல் என்பது அவருக்குத் தெரியும். பாடக் குறிப்பில் இருக்கிறது. சொன்னவர் பெயர் கலியபெருமாள் என்பது குறிப்பில் இல்லை.

எங்கள் வீட்டில் இந்தச் சொல் கிடையாது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "இருங்க, வரேன்" என்பாள் என் மனைவி. அவளும் காரைக்கால்காரிதான். நாக்கில் ஊறிய சொல்லை விட அவளுக்கு ஓராண்டு பிடித்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் கூப்பிட்டால் பிரெஞ்சில்தான் பதில் வருகிறது. அதை மாற்ற ஒரு காலத்தில் முயன்றேன். இப்போது இல்லை.

ஒலிநாடாவை மறுத்த அன்று வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். கலியபெருமாளுக்காகப் போன பயணத்தின் பக்கங்கள் எல்லாம் இருந்தன, ஒரு நாளைத் தவிர. அந்த நாளுக்கு வெயில் என்றும் சாலை மோசம் என்றும் மட்டுமே எழுதியிருந்தேன்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நிறுவனத்துக்கு வளைகுடாவில் ஒரு துறைமுகக் குழாய் வேலை கிடைத்தது. தொழிலாளர்களில் ஒரு பகுதியைக் காரைக்காலிலிருந்து எடுக்கலாம் என்று தலைமை அலுவலகத்தில் முடிவானது. நகராட்சியை இன்னும் பிரெஞ்சில் 'மேரி' என்று சொல்கிற ஊர், பிரெஞ்சு தெரிந்த மேஸ்திரிகள் கிடைப்பார்கள், மொழித் தொல்லை இருக்காது என்பது கணக்கு. ஐயா என்பதற்கு 'முசே' என்று கூப்பிடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உண்மையில் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர் மேஸ்திரி சுலைமான் நானா ஒருவர்தான்.

சைகோனில் வாப்பாவின் கடையில் வளர்ந்து, அங்கே சண்டை முற்றியதும் ஊர் திரும்பியவர் அவர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முகாமில் இந்து, முஸ்லிம் எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன்தான். பிரெஞ்சு எஞ்சினியர்கள்கூட அது அவர் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியல் ஒன்றில் 'நானா, சுலைமான்' என்று அச்சாகி வந்தது. அதைத் திருத்த நான் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

சோதனைப் பிரிவு எஞ்சினியர் முசே கிளெமான். முப்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். மற்ற மேலாளர்கள் தொழிலாளர்களோடு சைகையில் பேசியபோது இவர் மட்டும் தமிழ் படித்தார். மாலையில் தேநீர் நேரத்தில் நானாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் படித்தார். காலையில் தளத்துக்கு வந்ததும் வரிசையாக ஒவ்வொருவரிடமும் "சாப்டாச்சா?" என்பார். வெயில் சாயும் நேரத்திலும் அதையே கேட்பார்.

"முசே, நாலு மணிக்கு என்னத்த சாப்புடுறது? நீங்க வாங்கித் தந்தா சாப்புடுறோம்" என்று பையன்கள் கேலி செய்வார்கள். பாதி புரிந்து அவரும் சிரிப்பார். அவருக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய எல்லோரும் தயாராக இருந்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு வந்த ஆண்டறிக்கையில் அவரை முன்மாதிரி மேலாளர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதில் மிகை ஏதும் இல்லை.

நானா அவருக்கு வினைச்சொற்களை இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார்: "செஞ்சேன் வேற, செஞ்சுட்டேன் வேற முசே. 'ட்டேன்'னு முடிஞ்சா வேலை தீந்துச்சு. சாப்ட்டுட்டேன், முடிச்சுட்டேன், பூட்டிட்டேன். அப்பறம் கேள்வியே கெடையாது."

சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

3

இனி எழுதுவதை நான் பார்க்கவில்லை. விசாரணையில் ஒவ்வொருவரும் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

குழாய் ஆள் தவழ்ந்து போகும் அகலம். பற்றவைத்து முடித்த பகுதியில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பார்கள். அதற்கு முன் ஒருவர் உள்ளே போய் மணலையும் இரும்புச் சிதறலையும் துடைத்துவிட்டு வர வேண்டும். அன்று உள்ளே போனவர் கலியபெருமாள். திருநள்ளாற்றுக்கு மேற்கே ஒரு சிற்றூர். வயல் வேலை செய்யும் குடும்பம். இருபத்தைந்து வயதிருக்கும். நிதானமான வேலைக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாலை வேலை முடியும் நேரத்தில் சுலைமான் நானா குழாயின் வாயில் குனிந்து கூப்பிட்டார்.

"கலியபெருமாளு! போதும், வெளிய வா!"

உள்ளே வளைவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"இதோ வந்துட்டேன் நானா!"

இதை வாசிக்கிற உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. காரைக்கால் பேருந்து நிலையத்தில் டீ சொன்னால் கடைக்காரர் "வந்துட்டேண்ணே" என்பார், பாலே கொதித்திருக்காது. கிளம்பவே இல்லாதபோது சொல்கிற சொல் அது. கூப்பிட்டவரைக் காக்கவைக்க மனமில்லாமல், வரப்போகிறதை வந்து முடிந்ததாகவே சொல்லிவிடுவது நம் மரியாதை. கலியபெருமாள் அப்போது துடைப்பத்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

நானாவுக்கு அது விளங்கியது. இன்னும் சற்று நேரத்தில் தலை தெரியும் என்று அடுத்த குழாயில் இருந்தவர்களைக் கூப்பிடப் போனார். முசே கிளெமான் நாலடி தள்ளி நின்றிருந்தார். அவரும் அந்தக் குரலைக் கேட்டார். வழக்கமாக நானாவிடம் பிரெஞ்சில் கேட்டு உறுதி செய்துகொள்வார். அன்று கேட்கவில்லை. புரிந்துவிட்டது, பின் எதற்குக் கேட்பது? தானே புரிந்துகொண்டதில் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். முதுகைத் திருப்பி வரைபடத்தைப் பார்த்தார். வெளியே வந்தவர் பேருந்துப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்து, மூடியைப் போடச் சொல்லிக் கையசைத்தார். மூடி போடுகிறவர்கள் விளக்கடித்துப் பார்த்தார்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. திருகினார்கள். பம்ப் ஓடத் தொடங்கியது.

பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். குழாய்க்குள் தட்டும் சத்தம் கேட்டதாக அவர் விசாரணையில் சொன்னார். தண்ணீர் ஏறும்போது உள்ளே சிக்கிய காற்று குழாயைத் தட்டும். எல்லாச் சோதனையிலும் நடப்பதுதான். அதனால் அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் காற்று ஒழுங்கில்லாமல் தட்டும். அன்று கேட்டது மூன்று மூன்றாக வந்தது என்று பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பிரெஞ்சில் எழுதியது நான். பயிற்சி வகுப்பில் அந்த வரியைச் சேர்ப்பதில்லை.

பேருந்தில் ஆள் எண்ணும்போதுதான் ஒருவர் குறைந்தது தெரிந்தது.

4

மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கலியபெருமாள் அந்த ஊர் மருத்துவமனையின் குளிர் அறையில் இருந்தார். விசாரணைத் தாள் முடிந்து காவல்துறை முத்திரை விழுந்தால்தான் உடலை ஊருக்கு அனுப்ப முடியும். முசே கிளெமானின் பாஸ்போர்ட்டும் சுலைமான் நானாவின் பாஸ்போர்ட்டும் காவல் நிலையத்தில் இருந்தன. உள்ளே போன ஆளை வெளியே எடுப்பது மேஸ்திரியின் பொறுப்பு என்பது அந்த நாட்டு விதி.

தாள் தயாராகவே இருந்தது. தள இயக்குநர் அதை என் முன் வைத்தார். அதன் சாரம் இதுதான்: தான் வெளியே வந்துவிட்டதாகத் தொழிலாளி குரல் கொடுத்தார், அதை மேஸ்திரியும் எஞ்சினியரும் கேட்டார்கள், தொழிலாளி தந்த தவறான தகவலின் பேரில் மூடி போடப்பட்டது. நானா கீழே கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே எல்லாம் முடியும். உடல் போகும், நானா போகலாம், முசே கிளெமானுக்கும் சிக்கல் இல்லை.

"இதில் பொய் எங்கே இருக்கிறது?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். "அவர் சொன்ன சொல்லுக்கு அதுதானே பொருள்? எஞ்சினியருக்குத் தமிழ் தெரியும். உங்கள் மேஸ்திரிதான் சொல்லிக்கொடுத்தார்."

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர் கேட்டது சரி.

அன்று மாலை முகாமில் நானாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

"வாங்க தம்பி. பாரிஸ்லேந்து என்னைய கையெழுத்துப் போடவெக்க வந்தீங்களா?"

"மொழிபெயர்க்க வந்தேன் நானா."

"ரெண்டும் ஒண்ணுதான். நீங்க அவங்க ஆளா, நம்ம ஆளா? அத மொதல்ல சொல்லுங்க."

"நடுவுல ஒக்கார வெச்சிருக்காங்க."

"அப்ப மத்தளம்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் வாங்கிக்குங்க." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்தப் புள்ள பொய் சொல்லல தம்பி. தப்பான தகவலுன்னு நான் கையெழுத்துப் போட்டா, செத்தவன் மேல, மையித்து மேல, பொய் சொன்ன பாவம் எனக்கு வந்துடும். போட மாட்டேன்."

"போடலைன்னா உங்கள உள்ள வெச்சுடுவாங்க."

"வெக்கட்டும்."

"அவர் அப்பா அங்க காத்துக்கிட்டிருக்கார் நானா."

தட்டை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வந்தார்.

"அதான் என்னைய கொல்லுது. எங்கள்ல மையித்த ஒரு ராத்திரி வெச்சிருக்க மாட்டோம். நேரத்தோட அடக்கணும். இந்தப் புள்ள எத்தினி நாளா ஐஸுல கெடக்கு? என்னாலதான கெடக்கு? கையெழுத்துப் போட்டா நாளைக்கே போயிடும். பொய்ய எழுதி அனுப்புறதா, உண்மையச் சொல்லி வெச்சிருக்கறதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க பாப்போம்."

நான் சொல்லவில்லை.

"தெரியலைன்னாவது சொல்லுங்களேன்."

"தெரியலை நானா."

"அது போதும்" என்றார். "நான்தான் தம்பி அந்தாளுக்குச் சொல்லிக் குடுத்தேன். 'ட்டேன்'னா வேலை தீந்துச்சுன்னு. வந்துட்டேனுக்கு மட்டும் வேறன்னு சொல்லல. எனக்கே அது தோணல. நமக்கு எப்பத் தோணியிருக்கு?"

5

மறுநாள் தளத்து அலுவலகத்தில் கூடினோம். தகரக் கூரை, மேலே இரைகிற ஏர்கண்டிஷனர். இயக்குநர், முசே கிளெமான், நானா, நான், உள்ளூர்க் காவல் அதிகாரி ஒருவர். நானா தன் தாய்மொழியில்தான் சொல்வேன் என்றார். நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்தேன். இது இறந்தகாலந்தான், ஆனால் எதிர்காலம் என்றேன். நிகழாததை நிகழ்ந்ததாகச் சொல்வது எங்கள் மரியாதை என்றேன். காவல் அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அப்படியானால் உங்கள் மொழியில் ஒருவர் வந்துவிட்டார் என்பதை எப்படித்தான் சொல்வீர்கள்?" என்று இயக்குநர் கேட்டார்.

"அதே சொல்லால்தான்."

"பிறகு எப்படி வேறுபாடு தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும்" என்றேன். விசாரணையில் இதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது.

முசே கிளெமான் எனக்கு எதிரே இருந்தார். மேசைமேல் முழங்கையை ஊன்றி, இரண்டு கையாலும் முகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்து அறையிலிருந்து தட்டச்சுப் பெண் தலையை நீட்டினாள்.

"முசே கிளெமான், பாரிஸிலிருந்து தொலைபேசி. காத்திருக்கிறார்கள்."

"ழாரிவ்" என்றார் அவர்.

எழுந்திருக்கவில்லை. கைகூட அசையவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்கிற சொல் அது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'வந்து சேர்கிறேன்' என்று பொருள். சொல்கிறவர் நாற்காலியில்தான் இருப்பார். என் மகள் இப்போது தினமும் எனக்குச் சொல்கிறாள். அந்த விசாரணைக்கு முன்பே நான் பிரான்சில் பல ஆண்டு கேட்டிருந்தேன். இரண்டு மொழியிலும் குடியிருந்தும் நடுவில் இருந்த அந்தக் கதவு அதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

என் கண்ணில் அது படுவதற்குள் அவர் கண்ணில் பட்டுவிட்டது. முகத்திலிருந்து கைகள் மெல்ல இறங்கின. இன்னொரு முறை, யாருக்கும் இல்லாமல், "ழாரிவ்" என்று முணுமுணுத்தார். பிறகு நானாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நானா... அவன் சொன்னது இதுவா?"

"அதான் முசே" என்றார் நானா. "அதேதான்."

பக்கத்து அறையில் அந்தப் பெண் தொலைபேசியில் "வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்வது கேட்டது.

அதன் பிறகு நடந்தது அலுவலக வேலைதான். இயக்குநர் தாளை மாற்ற விரும்பவில்லை. மாற்றினால் மூடி போடச் சொன்னவர்மேல் பொறுப்பு விழும் என்று முசே கிளெமானைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். அவர் திரும்பி வந்து, பழைய தாளைத் தள்ளிவிட்டு, வேறு தாளில் தன் கையாலேயே எழுதினார்: தொழிலாளி வருகிறேன் என்று சொன்னார்; வந்துவிட்டார் என்று நான் புரிந்துகொண்டேன்; மேஸ்திரியைக் கேட்கவில்லை. கீழே கையெழுத்திட்டார். அதற்குக் கீழே நானாவும் போட்டார்.

முத்திரை விழுந்தது. இருவர் பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தன. முசே கிளெமானுடையது மறுநாளே வந்தது. அவர் அன்றே விமானம் ஏறினார். நானாவுடையதும் உடலை அனுப்பும் தாள்களும் வர அதற்குமேல் பல நாள் ஆயிற்று.

"பாத்தீங்களா தம்பி" என்றார் நானா, "தப்பு பண்ணேன்னு எழுதிக் குடுத்தவரு போயிட்டாரு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான் ஒக்காந்திருக்கேன்."

"கோவமா நானா?"

"அந்தாளு மேலயா? இல்ல. போறப்ப எங்கிட்ட வந்து கையப் புடிச்சாரு. என்னமோ சொல்ல வந்தாரு. ஒரு தமிழ் வார்த்தையும் வரல அவருக்கு."

முசே கிளெமான் அந்த ஆண்டே வேலையை விட்டார். பிறகு ஒரு முறை பாரிஸில் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எதிர் நடைமேடையில் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்டாச்சா?" என்றார். காலை எட்டு மணி. "ஆச்சு" என்றேன். இடையில் ரயில் வந்துவிட்டது.

நிறுவனம் இதிலிருந்து பாடம் கற்றது என்று சொல்ல வேண்டும். இப்போது எல்லாத் தளங்களிலும் உள்ளே போகிறவர் ஒரு பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணியில் வில்லை இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், யாரும் பதில் சொல்ல வேண்டாம். நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகு இப்படி ஒரு சாவு நடக்கவில்லை.

6

உடலோடு நானும் நானாவும் போனோம். நிறுவனத்தின் சார்பில் ஒருவர் போக வேண்டும் என்று விதி. சுலைமான் நானா தன் செலவில் வருவதாகச் சொல்லியும் நிறுவனச் செலவிலேயே அவருக்கும் பயணச்சீட்டு வாங்கினேன்.

சென்னை விமான நிலையத்தில் சரக்கு வரும் பக்கம் கலியபெருமாளின் தந்தை நின்றிருந்தார். அவர் பெயர் தங்கவேல். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உடன் வந்த உறவினர்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்; அவர் சரக்கு வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரைத்தான் முன்னால் போடுகிறோம். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் எதையும் எழுத முடியாது. ஆகவே வேலைக்கு எடுத்த நாளிலிருந்தே நிறுவனத்தின் தாள்களில் அவர் 'தங்கவேல்'. பெட்டியின் மேலும் பெரிய எழுத்தில் அதுதான் இருந்தது. கலியபெருமாள் என்பது கீழே சின்னதாக, பாதி ஒட்டுத்தாளுக்கு அடியில் போயிருந்தது.

சரக்கு அலுவலர் தாளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தங்கவேல்! தங்கவேல் பார்ட்டி யாருங்க?"

"நான்தாங்க தங்கவேல்" என்று முன்னால் வந்தார் அவர்.

அலுவலர் தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இல்லீங்க, இறந்தவர் பேரு தங்கவேல். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவருக்கு விளங்கவில்லை. "நான்தான் தங்கவேலு" என்றார் மறுபடி.

நான் குறுக்கே போய் விளக்கினேன். அலுவலர் தலையசைத்துவிட்டுத் தாளை நீட்டினார். தங்கவேல் ஐயா, தங்கவேலைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார். அவர் கைக்குப் பேனா அவ்வளவாகப் பழக்கமில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினார்.

7

வேனில் காரைக்கால் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. அன்று சனிக்கிழமை. திருநள்ளாற்றுக்குப் போகும் பேருந்துகள் நிரம்பி வழிந்தன; எள் தீபம் போடப் போகிறவர்கள் எங்கள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஊரில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று நானாதான் பெரியவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்.

ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. தங்கவேல் ஐயா குளித்த ஈரத்தோடு எங்களிடம் வந்தார். நானாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கதான் அவனக் கூப்பிட்டீங்களாமே?"

"ஆமாங்க."

"அவன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"பதிலு சொன்னானா?"

"சொன்னான். 'வந்துட்டேன் நானா'ன்னு."

பெரியவர் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பு என்று எழுத எனக்குத் துணிவில்லை.

"அப்படித்தாங்க சொல்லுவான். சோத்துக்குக் கூப்பிட்டாலும் அதான். நான் பாதி சாப்ட்டப்பறம்தான் வருவான்." துண்டைப் பிழிந்தார். "அதுக்கப்பறம்?"

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"அதுக்கப்பறம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் நானா. "அந்தச் சொல்லோட சரி. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிடுச்சு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"பயந்துருக்க மாட்டான்."

"மாட்டாங்க."

"குரலு நல்லாத்தான் இருந்துச்சா? பதிலு சொன்னப்ப?"

"நல்லா இருந்துச்சுங்க. தெளிவா இருந்துச்சு."

"அது போதும்" என்றார் பெரியவர். எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஈரக் கை.

திரும்பி வரும்போது வண்டியில் நானா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். திருநள்ளாறு தாண்டிய பிறகுதான் பேசினார்.

"நீங்க அன்னன்னிக்கு எழுதி வெக்கிற ஆளு தம்பி."

"ஆமாம் நானா."

"இன்னிக்கு நான் அவர்ட்ட சொன்னத எழுதிடாதீங்க. எழுதினா அது பொய்னும் எழுத வேண்டியிருக்கும். ஒரு பொய்க்கு கையெழுத்துப் போட மாட்டேன்னு அந்தப் புள்ளைய ஐஸுல போட்டு வெச்சவன் நான். அவன் அப்பன்ட்ட வந்து கூசாம இன்னொண்ணு சொல்லிட்டேன்."

"வேற என்ன சொல்லியிருக்க முடியும்?"

"தெரியல. நீங்க எழுதாதீங்க, அவ்ளோதான்."

எழுதவில்லை. வெயில் என்று எழுதினேன். சாலை மோசம் என்று எழுதினேன்.

நானா அதன் பிறகு வெளிநாடு போகவில்லை. காரைக்காலில் கயிறும் வலையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒலிநாடாவை மறுத்த மறுநாள் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். லைன் கிடைக்க வெகு நேரம் ஆயிற்று. வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும், தங்கவேல் ஐயா போன பங்குனியில் தவறிவிட்டார் என்றார். படுக்கையில் விழாமல், வயலுக்குப் போய் வந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். உடலை எடுக்கிற வரை நானா கூட இருந்திருக்கிறார்.

"நானா, இப்ப எழுதலாமா?" என்று கேட்டேன்.

கடைக்கு வந்த யாருக்கோ கயிறு அளந்து கொடுத்துவிட்டு வந்தார்.

"எழுதுங்க" என்றார் பிறகு. "ஆனா அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் கேட்டதையும் எழுதுங்க, நான் பெரியவர்ட்ட சொன்னதையும் எழுதுங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எழுதக் கூடாது. ரெண்டையும் வெயிங்க. படிக்கிறவங்க என்னைய என்ன வேணா நெனச்சுக்கட்டும்."

இரண்டையும் வைத்துவிட்டேன்.